மேட்டுக்கொல்லை வழி

சைக்கிளை மேட்டில் ஏற்றி இறக்குவதற்குக் காசு கட்டிக்கொண்டு வருவார்கள் என்று எவனாவது அப்போது சொல்லியிருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போய்த் தூங்கு தம்பி என்று அனுப்பியிருப்பேன். மேட்டைக் கண்டால் இறங்கித் தள்ளவேண்டும். சைக்கிளுக்கு நான் அறிந்த சட்டம் அதுதான். சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்து, பிழைப்புக்கு ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, வேலை பார்த்த கம்பெனி மூடியபிறகு ராயக்கோட்டை ரோட்டில் தொரப்பள்ளி தாண்டி சைக்கிள் கடை போட்டு உட்கார்ந்தவன் நான். பெயர் பெரியதம்பி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஒங்க வாய்தான் ஒங்களுக்குக் கேடு என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். எனக்கு வந்த கேடு கிடக்கட்டும். என் வாயால் இன்னொரு வீட்டுக்கு வந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

2008ஆம் வருடம் மழை ஓய்ந்த சமயம், அஸ்வின் என்கிற பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். பையன் என்கிறேனே தவிர முப்பது வயதிருக்கும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா வேலூர்க்காரி என்பதால் தமிழ் பேசுவான். அவனுடைய கியர் சைக்கிளின் பின்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. ஸ்போக்ஸைத் திருகிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தேன். சைக்கிள் விலையைச் சொன்னான், அந்தக் காசுக்கு நான் இரண்டு பழைய டிவிஎஸ் வண்டி வாங்கிவிடுவேன். அடுத்த வாரம் பத்துப் பேரோடு வந்தான். அதற்கடுத்த வாரம், மாசி மாதம் ஒரு பந்தயம் நடத்தப் போவதாகவும், கல்லும் மேடும் பள்ளமுமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் பாதை வேண்டுமென்றும் சொன்னான். நல்ல தார் ரோடு கிடக்கும்போது ஏன்டா கல்லில் விழுந்து சாகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் சானமாவுக் காட்டுக்குள்தான் பாதை கேட்டார்கள். காட்டிலாகாவில் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகையிலிருந்து தை வரை அங்கே யானை நிற்கும், எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு சக்கரம் உள்ளே வரக்கூடாது என்றார்கள். நியாயம்தான். அப்புறம் எல்லைக்கல்லுக்கு வெளியே, புறம்போக்குக் கரட்டிலும் பட்டா நிலத்திலுமாகச் சுற்றி வரலாம் என்று அஸ்வின் ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தான். கரட்டுக்குப் பஞ்சாயத்தில் கட்டணம் கட்டி ரசீது வாங்கினான். பட்டாக்காரர்கள் மூன்று பேருக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். அதற்குத்தான் நான். எனக்குத் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் தட்டுத்தடுமாறி வரும், ஊரில் எல்லார் சைக்கிளுக்கும் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். மூன்றாவது கங்கப்பன். அவனுடைய மேட்டுக்கொல்லைதான் முக்கியம். விதைக்கிற இடத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் காட்டு எல்லைக்கல், இன்னொரு பக்கம் பக்கத்து நிலத்துக்காரரின் மொட்டைக் கிணறு, நடுவில் பன்னிரண்டடி அகலத்தில் கல்லும் முள்ளுமாக ஒரு சந்து. நடுவில் ஒரு புங்கமரம். அந்தச் சந்து இல்லையென்றால் பாதையே இல்லை.

நாங்கள் போன அன்று அவன் வீட்டுக்கு எதிரே ரோட்டில் கேழ்வரகுத் தாளைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து, கூலியில்லாமல் கதிர் அடித்துக் கொடுக்கும். அவன் மனைவி பொற்கொடி தாளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அஸ்வின் அதன்மேல் சைக்கிளை ஏற்றப் பயந்து இறங்கினான். ஏறுங்க சார், நீங்க ஏறினாத்தான் எங்களுக்கு வேல ஆவும் என்று அவள் சிரித்தாள். நல்ல பெண். எட்டாவது வரை படித்தவள், கணக்காகப் பேசுவாள். கங்கப்பன் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அதிகம் பேசமாட்டான், கேட்டதற்குத் தலையாட்டுவான். அந்த இரண்டு பேருக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து ஒரு ஆண் குழந்தை பிறந்து, மூன்று மாதத்தில் போய்விட்டது. அதற்கும் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடைமழையில் காய்ச்சல் கண்டு, பஸ் கிடைக்காமல், ஓசூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பெயர் வைப்பதற்குக்கூட நாள் குறித்திருக்கவில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பொற்கொடி களி கிண்டிப் போட்டாள். அவரைக்காய்க் காலம், பிதுக்குப் பருப்புக் குழம்பு. அஸ்வின் களியை மெல்லத் தொடங்கினான், மெல்லக்கூடாது, முழுங்கணும் என்று அவனுக்குப் பாடம் நடத்தினேன். சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அஸ்வின் பேப்பரை எடுத்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் படித்தான், நான் தமிழில் சொன்னேன். விழுந்து அடிபட்டால் நிலத்துக்காரர் பொறுப்பில்லை. விதைப்புக் காலத்தில் யாரும் வரமாட்டார்கள். அப்படி ஏழாவதாக ஒன்று. இந்த வழியில் கோயில், புற்று, சமாதி என்று மிதிக்கக்கூடாத இடம் ஏதாவது உண்டா, உண்டென்றால் சொல்லுங்கள், பாதையைத் திருப்பிவிடுகிறோம் என்று.

பொற்கொடி குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கங்கப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லணா. வெறும் கல்லுதான்."

இல்லை என்று நான் என் கையால் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து அவன் என் கடைக்கு வந்தான். சைக்கிளில் ஒன்றும் பழுதில்லை. சும்மா வந்தன் என்றான். டீ சொன்னேன். டீ ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கென்று பள்ளிக்கூடச் சைக்கிள் நாலு வரிசையில் நின்றது, எனக்கு எரிச்சல். என்னப்பா விஷயம், சொல்லித் தொலை என்றேன்.

"அந்தப் புங்கமரத்துப் பக்கம் மட்டும் வேணாம்ணா. கெணத்து ஓரமாப் போவட்டுமே."

கிணற்று ஓரமாகப் போனால் எவனாவது உள்ளே விழுந்து சாவான், அதனால்தானே அஸ்வின் டேப் பிடித்து அளந்து மரத்தடி வழியாகக் குறித்திருக்கிறான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவன் கையெழுத்துப் போட்ட மறுநாளே இப்படித்தான் இழுத்து, கூடக் கொஞ்சம் கொடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றிருந்தான். இவனும் அதே ஆட்டம் ஆடுகிறான் என்று நினைத்துவிட்டேன்.

"கையெழுத்தப் போட்டுட்டு இப்ப வந்து ரேட்டு ஏத்தப் பாக்கியா? மூஞ்சியப் பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருக்கு. ஒன்ன நம்பி அந்தப் பையன்கிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டிப் போயிற்று. இல்லணா, அப்புடி இல்லணா என்றான், அவ்வளவுதான். டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். போகட்டும், வந்துட்டான் பெரிய மனுசன் என்று நான் பின்னாலேயே சொன்னேன். அதுவும் அவன் காதில் விழுந்திருக்கும். ஒரே ஒரு தடவை, ஏன்ப்பா, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லையே, பாவி.

பொங்கல் முடிந்து யானைகள் கர்நாடகா பக்கம் திரும்பிவிட்டன என்று காட்டிலாகா ஆட்கள் சொன்ன பிறகு வேலை தொடங்கியது. எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள், நான் மேஸ்திரி. காலையில் பனி இறங்கி எதிரே நிற்கும் ஆள் தெரியாது. பத்து மணிக்குமேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். பெண்கள் தங்களுக்குள் தெலுங்கிலும், பெங்களூர்ப் பையன்களோடு கன்னடத்திலும், என்னோடு தமிழிலும் பேசுவார்கள், திட்டுவதென்றால் மூன்றிலும் திட்டுவார்கள். கரட்டில் முள் வெட்டி, கல் பொறுக்கி, வளைவில் மண் அணைத்து, மழைத் தண்ணீர் பாதையை அறுக்காமல் இருக்கக் குறுக்கே தட்டைக்கல் பதித்துக்கொண்டே வந்தோம். பொற்கொடியும் வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். பாரம் தூக்காதே என்று மற்றவர்கள் சொன்னால், வீட்டில் மட்டும் பாரம் இல்லையா என்பாள். தண்ணீர் குடிக்க உட்காரும்போதெல்லாம் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொள்வாள். இந்தத் தடவை நிற்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எல்லாருக்கும் அதே நினைப்புத்தான்.

அஞ்சாவது நாள் மேட்டுக்கொல்லைக்கு வந்து சேர்ந்தோம். கங்கப்பன் அன்றைக்குக் காலை ஷிப்ட். லீவு கேட்டிருக்கிறான், கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எங்க கொல்லி, நானே பாத்துக்கறன் என்று பொற்கொடி கடப்பாரையை வாங்கிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். அங்கே முள் குவித்திருந்தது. யார் இங்கே முள்ளைக் கொண்டுவந்து கொட்டினது என்று வைதுகொண்டே இழுத்துப் போட்டாள். அடியில் மூன்று தட்டைக்கல் வரிசையாகப் படுக்க வைத்திருந்தது. அண்ணா, நீங்க கேட்ட மாதிரி கல்லு இங்கியே கெடக்குது, என்று என்னைக் கூப்பிட்டாள். நான்தான் சொன்னேன், நெம்பி எடும்மா என்று.

ஒரு கல்லை நெம்பினாள். அடியில் மண் பிடித்த ஒரு பாலாடைச் சங்கு கவிழ்ந்து கிடந்தது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற எவர்சில்வர் சங்கு. எடுத்து முந்தானையில் துடைத்தாள். எங்கள் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி, பிறந்த வீட்டில் கொடுக்கிற பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். அவள் விரலால் தடவி அந்தப் பெயரைப் படித்தாள். அவள் பெயர்தான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முதலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு அந்த இடத்தைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"நான் மேல நின்னுக்கிட்டு இருந்தண்ணா" என்றாள். "கடப்பாரைய வேற போட்டுட்டன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். கைக்குழந்தை போய்விட்டால் ஆண்கள் இரண்டு பேர்தான் எடுத்துக்கொண்டு போவார்களாம். புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டக்கூடாது, சொல்லவும் கூடாது. தெரிந்தால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், மறுபடி வயிற்றில் ஒன்று தங்காது, தங்கினாலும் முன்னது கூப்பிட்டுக்கொள்ளும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கங்கப்பனும் அவன் மாமனும்தான் போனார்கள். எங்கே என்று அவள் கேட்டபோது ஏரிக்கரை என்று சொல்லியிருக்கிறான். ஊரில் எல்லாரையும் புதைக்கிற இடம் அதுதான்.

"ஏரிக்கரைன்னாரு. ரெண்டு வருசமா மாடு ஓட்டிக்கிட்டுப் போவச்ச ஏரியப் பாத்து அழுதிட்டிருந்தன். இங்க இருந்திருக்கறான். ரெண்டு போகம் களை எடுத்தன், கதிர் அறுத்தன், இங்கதான் நெழல்ல உக்காந்து சோறு தின்னன். இங்கியே இருந்திருக்கறான்."

பெண்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அதில் ஒருத்தி எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், நான் எப்படி இருந்தேனோ தெரியாது. கடையில் கங்கப்பன் ஆறவிட்ட டீதான் என் கண்ணில் நின்றது. அஸ்வின் வந்து விஷயத்தைக் கேட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவனே அவிழ்த்தான். இந்தப் பாதை வேண்டாம் அங்கிள், பந்தயமே வேண்டாம் என்றான். முந்நூறு பேர் பணம் கட்டியிருந்த பந்தயம். அப்படிச் சொன்னான் அந்தப் பையன்.

மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி கங்கப்பன் ஓடிவந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொற்கொடி கல்லைப் பழையபடி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் தூரத்திலேயே நின்றுவிட்டான்.

"அன்னிக்கி மழ" என்றான், யாரையும் பார்க்காமல். "ஏரிக்கரையெல்லாம் சேறு, தோண்டத் தோண்டத் தண்ணி வருது. அந்தத் தண்ணிக்குள்ள எப்புடி வெக்கறது? இதான் மேடு. தண்ணி நிக்காது. அதான் இங்க கொணாந்தன்."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ இங்கியே உக்காந்துக்குவ. மறுபடி ஒண்ணு தங்காதுன்னாங்க."

"தங்குச்சே" என்றாள் அவள். "ரெண்டு வருசமா இங்கியேதான் உக்காந்திருந்தன். தங்கித்தான இருக்குது?"

அவன் கீழே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கே ஒரு முடிவும் பண்ணினார்கள். பந்தயத்தை நிறுத்தவேண்டாம் என்று பொற்கொடியே சொன்னாள். மரத்தைச் சுற்றி வேலி போட்டுவிடுவது, வருகிறவர்கள் அந்தச் சந்தில் மட்டும் இறங்கி, கிணற்று ஓரமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவது. அஸ்வின் கையெடுத்துக் கும்பிட்டான். கிணற்றுப் பக்கம் கயிறு கட்ட நானே பொறுப்பேற்றுக்கொண்டேன்.

அப்புறம் மூன்று நாள். விடிந்ததும் ஒரு டம்ளர் பால் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். கல்லைக் கழுவுவாள், பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் இருக்கிறதுக்கு அண்ணனைக் காட்டுகிறேன் என்பாள். அழமாட்டாள். வீட்டுக் கதை, மாட்டுக் கதை எல்லாம் பேசுவாள். கயிறு கட்டப் போன நான் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்த பேச்சு. என்னைப் பார்த்து, அண்ணா, இவனுக்கு இந்தப் பக்கம் வெயில் படாது, நல்ல எடமாத்தான் பாத்திருக்கறாரு என்று புருஷனை மெச்சிக்கொண்டாள்.

நாலாம் நாள் அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. தொரப்பள்ளியில் நர்சம்மா பார்த்து, அஞ்சு நாள் கல் மண் தூக்கியிருக்கிறாய், படுத்து ஓய்வெடுத்தால் சரியாகும் என்றாள். கங்கப்பனின் அக்கா செல்லி அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கூப்பிடறான், நான் அப்பவே நெனச்சன் என்று தம்பியிடம் அழுதாள். ஆறு வருடம் காத்துப் பெற்ற ஒன்றைப் பறிகொடுத்தவன், இன்னொன்று வயிற்றில் இருக்கும்போது எதை நம்புவான், எதை நம்பமாட்டான்? அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடியக் கருக்கலில் என் கடைக் கதவைத் தட்டினான். கையில் மண்வெட்டி. ஒரு பாண்டு குடுணா, நீயும் வாணா, மாமன் வரமாட்டங்கறாரு, தனியா என்னால முடியாது என்றான். எதற்கென்று கேட்காமலே எனக்குப் புரிந்தது. வேண்டாம்ப்பா, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லு என்றேன். அவன் என்னையே பார்த்தான். அன்றைக்கு நாலு பேர் முன்னால் அவனை வாயடைத்து அனுப்பினவன் நான். இப்போது எந்த முகத்தோடு அவனுக்குப் புத்தி சொல்வது? கடையில் கிடந்த, மண் அள்ளும் இரும்புப் பாண்டை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

பனியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பாண்டு மண் அள்ளினோம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லமாட்டேன். சங்கை அவன் தன் துண்டில் முடிந்துகொண்டான். ஏரி அப்போது இரண்டு வருடமாகக் காய்ந்து, செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் லாரிகள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. இனி அங்கே தண்ணீர் நிற்கும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கரைக்கு உட்பக்கம் ஒரு இலந்தை மரத்தடியில் அவன் குழி எடுத்தான். ஏன் இங்கே என்று கேட்டேன். ஏரிக்கரைன்னு அவகிட்டச் சொல்லிட்டன், அது பொய்யாவே இருக்க வேணாம்ணா என்றான். மண்ணை மூடி, சங்கையும் வைத்து, மேலே முள் போட்டான். திரும்பும்போது மேட்டுக்கொல்லையில் அந்த இடத்தை நிரவிவிட்டு, நேராக ஷிப்டுக்குப் போய்விட்டான்.

படுத்திருக்கச் சொன்னதையும் மீறி அன்றைக்கும் பொற்கொடி பாலோடு போயிருக்கிறாள். கல் இல்லை, முள் இல்லை, புது மண் நிரவிக் கிடந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம். ஏரிக்கரை என்றானாம். திரும்பவும் அதே பொய்யா என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அதற்கப்புறம் அவனிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நெசத்தச் சொன்னன், நம்பலணா, அதுவும் நல்லதுக்குத்தான் என்று கங்கப்பன் என்னிடம் சொன்னான்.

பந்தயம் நடந்தது. வேலி தேவைப்படவில்லை, யாரும் இறங்கவும் தேவைப்படவில்லை. அவளே சொல்லி அனுப்பிவிட்டாள், அங்கதான் ஒண்ணுமில்லியே, ஓட்டிக்கிட்டே போவட்டும் என்று. முந்நூறு சைக்கிள் புங்கமரத்தடியில் சர்ரென்று ஓடிப் போனது. அஸ்வின் மட்டும் இறங்கி நடந்தான். எனக்கு மெடல் ஒன்று போட்டார்கள், அதை வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது பேச்சியம்மாள் எடுத்துப் பரணில் போட்டாள்.

ஆடியில் பொற்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. செல்லி ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தாள், பாத்தீங்களா, நான் சொன்னன் இல்ல என்றாள். இருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் ஐப்பசி மழை விட்டுப் பிடிக்காமல் பத்து நாள் கொட்டியது. காட்டுக்குள்ளிருந்து ஓடை புரண்டு வந்து, ஒரே வாரத்தில் ஏரி நிரம்பி வழிந்து, கோடி போயிற்று. வழிகிற தண்ணீரைப் பார்க்க ஊரே திரண்டது. கிடா வெட்டி, தண்ணீரில் மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டார்கள். கங்கப்பன் மட்டும் கும்பிடவில்லை. வேலைக்கும் போகாமல், நாலு நாள் கரைமேல் குடையில்லாமல் நின்றான். இலந்தை மரத்தின் தலை மட்டும் தண்ணீருக்குமேல் தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த வருடப் பந்தயத்துக்குச் சம்மதம் புதுப்பிக்க வேண்டும் என்று அஸ்வின் பேப்பர் அனுப்பியிருந்தான். எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் என்னைத் தவிர யார் போவார்கள்? மழை தூறலாக விட்டிருந்த ஒரு மத்தியானம் போனேன். கங்கப்பன் இல்லை. பொற்கொடி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதக் குழந்தை, கொழுகொழுவென்று கையைக் காலை ஆட்டியது. பேப்பரை வாங்கி நனையாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். உட்காருங்ணா என்றாள். உட்கார்ந்தேன். கோடி போகிற தண்ணீரின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அன்னிக்கி நீங்களும் கூட இருந்தீங்க" என்றாள். "எனக்குத் தெரியும்ணா. அந்தப் புது மண்ணுல கிரீஸ் கெடந்துச்சு. ஒங்க கடைப் பாண்டுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்கன்னு கேக்கமாட்டன். கேட்டா இவளுக்கு ஆவாதும்பாங்க, எனக்கு எதுக்கு வம்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பத்து நாளா மழ பேயுது. அவனுக்கு அங்க தண்ணி நிக்காதில்ல?"

குழந்தை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடும்மா" என்றேன். "நல்ல மேடு. ஒரு சொட்டு நிக்காது."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"அது போதும்ணா. பத்து நாளா கண்ண மூடல. இன்னிக்கித் தூங்குவன்."

கங்கப்பன் நெசத்தைச் சொன்னபோது நம்பாதவள், என்னை நம்பிவிட்டாள். வாசலுக்கு வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ரோட்டுக்கு வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது ஆள் தூறலில் நின்று அழுதேன். ஏரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.